பார்ப்போர்க்கும் பங்கு உண்டு

சென்னைக் கடற்கரையிலிருந்து நம் தீவுகள் வரை, வங்கக் கடலின் அடியில், ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள ஒளியிழை வடம் ஒன்று கிடக்கின்றது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் அது பயன்பாட்டுக்கு வந்தது. போர்ட் பிளேர் நகரோடு (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) நின்றுவிடாமல், ரங்கத், லாங் ஐலண்டு, ஸ்வராஜ் தீவு, சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகிய இடங்களையும் அது இணைக்கின்றது. அதற்கு முன்னர் இணையம் செயற்கைக்கோள் வழியாகவே நமக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு நிழற்படம் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும் என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லி நகைத்த காலம் அது.

கடல் கடந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்குச் செய்தியின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கப்பல் மூன்று நாள் கடலில் மிதந்து கொண்டுவரும் கடிதத்திற்காகக் காத்திருந்த பெற்றோரின் பிள்ளைகள் நாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, தமிழகத்தில் இருந்த நம் உறவினர் பலர், நாம் உயிரோடு இருக்கின்றோமா என்னும் ஒரு சொல்லைக் கேட்க நாள் கணக்கில் தவித்தனர். இன்றோ, இராமநாதபுரத்தில் இருக்கும் பாட்டி இங்கே பிறந்த கொள்ளுப்பேரனின் முகத்தைக் கைப்பேசியில் கண்டு கொஞ்சுகின்றாள். ஆதலின், கணினியையும் கைப்பேசியையும் பழித்து எழுதுவது நம் நோக்கமன்று. அவற்றால் பெற்ற நன்மையை மறப்பது நன்றி கொன்ற செயலாகும்.

எனினும், நம்மிடம் செய்தி கொண்டுவரும் அதே வடம் நம் தீவுகளிலிருந்தும் பலவற்றை வெளியே கொண்டு செல்கின்றது. எதனை அனுப்புவது, எதனைப் பார்ப்பது, எதனை அடுத்தவர்க்குத் தள்ளிவிடுவது என்னும் பொறுப்பு அதனோடு சேர்ந்து நம் கைக்கு வந்துவிட்டது. கணினியை அறத்தோடு பயன்படுத்துவது பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கடவுச்சொல்லைக் காத்தல், பண மோசடிக்கு ஆளாகாதிருத்தல், பிறர் எழுத்தைத் திருடாதிருத்தல் ஆகியவற்றைக் கூறுவர். அவை யாவும் வேண்டியவையே. ஆனால் அந்தமானில் வாழும் நமக்கு வேறு எந்த ஊராருக்கும் இல்லாத ஒரு தனிப்பொறுப்பும் உண்டு. நம் அண்டையில், கைப்பேசியே இல்லாத மக்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய உருவங்களோ உலகத்துக் கைப்பேசிகளில் எல்லாம் உலவுகின்றன. அதனைக் குறித்தே இங்கு எழுதுகின்றோம்.

ஜாரவா மக்களை நம் வாசகர் அனைவரும் அறிவர். தென் அந்தமான், நடு அந்தமான் தீவுகளின் மேற்குக் காடுகளில் வேட்டையாடியும், மீன் பிடித்தும், தேன் எடுத்தும் அவர்கள் வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அவர்கள் 380 பேர். 'ஜாரவா' என்பது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. அண்டை இனத்தார் 'அயலார்' என்னும் பொருளில் வழங்கிய பெயர். தம்மை அவர்கள் 'ஆங்' என்றே அழைத்துக்கொள்கின்றனர். அவர்களுடைய பெயரைக்கூட நாம் பிறர் வாய் வழியாகவே கேட்டோம் என்பது எண்ணத்தக்கது.

அவர்களுடைய காட்டின் ஊடே செல்கின்றது அந்தமான் பெருஞ்சாலை. ரங்கத்திலும் மாயாபந்தரிலும் டிக்லிபூரிலும் குடியிருக்கும் நம்மவர்க்கு அது உயிர்நாடி போன்றது. மருத்துவமனைக்கும், கல்லூரிக்கும், திருமண வீட்டுக்கும் அவ்வழியே செல்கின்றோம். ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவுக்கு வண்டிகள் தனித்துச் செல்ல இயலாது. குறித்த நேரத்தில், காவலர் துணையோடு, அணிவகுத்தே செல்ல வேண்டும். இடையில் நிறுத்தலாகாது, உணவோ பிற பொருளோ கொடுத்தலாகாது, படம் எடுத்தலாகாது. இவ்விதிகள் சாவடியிலேயே எழுதி வைக்கப்பட்டுள்ளன.

சில காலத்திற்கு முன், திருநெல்வேலியிலிருந்து எங்கள் தங்கையும் மைத்துனரும் கல்லூரியில் பயிலும் அவர்கள் மகனும் விடுமுறைக்கு வந்திருந்தனர். பாராடாங் சுண்ணாம்புக் குகைகளைக் காண அவர்களை அழைத்துச் சென்றோம். விடியற்காலையில் சாவடியில் வண்டிகள் நீண்ட வரிசையாக நின்றன. எங்கள் வண்டியை ஓட்டிய அன்பர் அனைவருடைய கைப்பேசிகளையும் பைக்குள் வைக்கச் சொன்னார். மருமகனும் மறுக்காமல் வைத்தான். வழியில், ஒரு வளைவில், அம்மக்களுள் சிலர் சாலை ஓரமாக நடந்து சென்றனர். அவர்கள் எவ்வாறு இருந்தனர் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் தம் வீட்டு வழியே நடந்துகொண்டிருந்தனர் என்பது போதும். வண்டி நிற்காமல் சென்றது.

அன்றிரவு உணவுக்குப் பின் மருமகன் முன்கூடத்தில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன பார்க்கின்றாய் என்று கேட்டோம். தயங்காமல் காட்டினான். யாரோ ஒருவர் என்றோ ஓடும் வண்டியிலிருந்து எடுத்த ஜாரவா மக்களின் காணொளி அது. பின்னணியில் சிரிப்பொலி கேட்டது. எங்கள் முகம் மாறியதைக் கண்டு அவன் சொன்னான்:

"மாமா, நான் வழியில் ஒரு படமும் எடுக்கவில்லை. சட்டத்தை மீறவும் இல்லை. பிறர் என்றோ எடுத்து வைத்ததைத்தான் பார்க்கிறேன். பார்ப்பதும் குற்றமா?"

தங்கையும், "அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறதே, அண்ணா," என்றாள்.

வினா நல்ல வினா. அவன் பொய்யன் அல்லன். விதியை மதித்து நடந்தவன். 'தப்பு, பார்க்காதே' என்று அதட்டி அவன் வாயை அடைத்திருக்கலாம். அது விடையாகாது. அந்த வினாவைப் பல நாள் மனத்தில் வைத்து எண்ணினோம். எண்ணிக் கண்டவற்றை நம் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது நலம் எனத் தோன்றிற்று. ஏனெனில், இதே வினா இன்று நம் இல்லங்களில் எல்லாம் இருக்கின்றது.

முதலில், அந்தக் காணொளி எவ்வாறு அவன் கைக்கு வந்தது என்பதைக் காண்போம். அதன் கீழே, இதுவரை எத்தனை முறை அது பார்க்கப்பட்டது என்னும் எண் நின்றது. நம் மருமகன் பார்த்த பின் அவ்வெண் ஒன்று கூடியிருக்கும். அந்த எண் வெறும் கணக்கு அன்று. அடுத்தவர்க்கு எதனைக் காட்டுவது என்று முடிவு செய்யும் பொறி அத்தகைய கணக்குகளைக் கொண்டே முடிவு செய்கின்றது. 2012ஆம் ஆண்டு முதல் யூடியூப் நிறுவனம், ஒரு காணொளியை எத்தனை பேர் திறந்தனர் என்பதைக் காட்டிலும், எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பதற்கு மிகுந்த மதிப்பு அளித்து வருகின்றது. ஒருவன் இரண்டு நிமிடம் கண்கொட்டாமல் பார்த்தால், 'இது மக்களுக்கு வேண்டிய பொருள்' என்று பொறி எண்ணிக்கொள்கின்றது. அவன் வியந்து பார்த்தானா, வெறுத்துப் பார்த்தானா, வெட்கத்தோடு பார்த்தானா என்பதை அது பிரித்து அறிவதில்லை. உடனே அதனை இன்னும் பலர் முன் வைக்கின்றது. பார்வையாளர் பெருகினால் விளம்பரம் வருகின்றது. விளம்பரம் வந்தால் படம் எடுத்தவனுக்குப் பணம் வரக்கூடும். அதனைக் காணும் மற்றொருவன், 'நாமும் அந்தமான் சென்றால் இத்தகைய படம் எடுக்கலாமே' என்று எண்ணுகின்றான். அவன் இங்கு வந்து ஓட்டுநரிடம், 'சற்றே வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், கூடுதலாகப் பணம் தருகின்றேன்' என்கின்றான்.

வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்ப்பவனுக்கும் காட்டுச் சாலையில் நிற்கும் வண்டிக்கும் உள்ள தொடர்பு இதுவே. பழங்காலத்தில் பார்த்தல் என்பது பெரும்பாலும் பார்த்தவனோடு முடிந்துவிட்டது. நாளிதழில் ஒரு படத்தைப் பார்த்து மடித்து வைத்தால், நாம் பார்த்ததை அச்சகத்தார் அறியார். இன்று நாம் பார்ப்பதைப் பொறி பார்த்துக்கொண்டிருக்கின்றது. ஆதலின் இணையத்தில் பார்த்தலும் ஒரு செயலாகிவிட்டது.

இது நமக்குப் புதிய அறமன்று. புலால் மறுத்தலைக் கூற வந்த வள்ளுவர், உண்பதற்காக வாங்குவோர் உலகில் இல்லையாயின் விலைக்கு ஊன் விற்போரும் இலர் என்னும் கருத்தை வைத்தார். நான் கொல்லவில்லையே, கடையில் வாங்கித்தானே உண்கின்றேன் என்பாரை நோக்கி எழுந்த விடை அது. உணவைக் குறித்து அவரவர் கொள்கை எதுவாயினும் ஆகுக. வாங்குவோனும் விற்போனும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்னும் அறிவு நம் மொழியில் மிகப் பழையது. 'நான் எடுக்கவில்லையே, பார்க்கத்தானே செய்கின்றேன்' என்பதற்கும் விடை அதுவே.

இக்கூற்று கற்பனையன்று என்பதற்கு நம் தீவுகளின் அண்மை வரலாறே சான்று. 2012ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், லண்டனிலிருந்து வெளிவரும் 'அப்சர்வர்' இதழ் ஒரு காணொளியைப் பற்றிய செய்தியை வெளியிட்டது. உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்வதாக அதில் இருந்தது. மனிதரைக் காணச் செல்லும் வேட்டைச் சுற்றுலா என உலகம் நம் தீவுகளைப் பழித்தது. பழங்குடியினரைக் காக்கும் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் அவ்வாண்டிலேயே திருத்தப்பட்டு, தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. இன்று அம்மக்களைப் படம் எடுப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 2013ஆம் ஆண்டு ஜனவரியில் உச்சநீதிமன்றம் சுற்றுலாப் பயணிகள் அச்சாலையில் செல்லவே இடைக்காலத் தடை விதித்தது. அத்தடை மார்ச்சு மாதத்தில் நீங்கிற்று. அதற்கு முன்னர், 2002ஆம் ஆண்டிலேயே அச்சாலையின் அப்பகுதியை மூட வேண்டும் என்றும் அந்நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. சிலருடைய காட்சி ஆசை, நோயாளியை ஏற்றிச் செல்லும் நம்மவர் வழிக்கே இடையூறாகக் கூடும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

சட்டம் கடுமையான பிறகும் பழைய படங்கள் இணையத்திலிருந்து மறையவில்லை. ஆதலின் 2017ஆம் ஆண்டில் தேசியப் பழங்குடியினர் ஆணையம் தானே முன்வந்து, ஜாரவா முதலிய மக்களைக் காட்டும் தகாத காணொளிகளை யூடியூப் போன்ற தளங்களிலிருந்து நீக்க நடவடிக்கை எடுக்குமாறு அரசைக் கேட்டுக்கொண்டது. 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 29ஆம் நாள், அமெரிக்கர் ஒருவர் எவரும் அணுகலாகாத வடக்குச் சென்டினல் தீவில் சிறு படகில் சென்று இறங்கினார். தேங்காயையும் குளிர்பானத்தையும் கரையில் வைத்துவிட்டு, தம் செயலைப் படமும் எடுத்துக்கொண்டு திரும்பினார். 31ஆம் நாள் காவலர் அவரைக் கைது செய்தனர். பார்ப்பதற்குக் கண்கள் காத்திருக்கின்றன என்னும் நம்பிக்கை இல்லாதவன், அத்துணைத் தொலைவு சென்று அக்கரையில் நின்று படம் எடுப்பானா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு படத்தால் என்ன கேடு என்று கேட்போர்க்கு மற்றொன்றும் சொல்லுவோம். படம் எடுக்க வேண்டுமாயின் வண்டி நிற்க வேண்டும். வண்டி நின்றால் கை நீளும். நீண்ட கையில் பிஸ்கத்து இருக்கும். சில நேரம் புகையிலையும் இருக்கும். நெருங்கி நிற்கும் மூச்சில் நோய் இருக்கும். அம்மக்கள் நம்மவரோடு பகையின்றிக் கலக்கத் தொடங்கியது 1998ஆம் ஆண்டு வாக்கில். 1999ஆம் ஆண்டிலேயே அவர்களிடையே தட்டம்மை பரவிற்று. நம் பிள்ளைகளுக்கு அந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. பல தலைமுறையாக அந்நோயோடு பழகிய உடலும் உண்டு. தனித்து வாழ்ந்தவர்க்கு அவ்விரண்டும் இல்லை. நூற்றுக்கணக்கில் மட்டுமே எஞ்சியுள்ள ஓர் இனத்தில் ஒரு நோய் என்ன செய்யும் என்பதைப் பெரும் அந்தமானியர் வரலாறு காட்டுகின்றது. 1858ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இங்கே தண்டனைக் குடியேற்றத்தை நிறுவியபோது அவர்கள் ஆயிரக்கணக்கினராக இருந்தனர். 1961ஆம் ஆண்டுக் கணக்கில் 19 பேரே எஞ்சினர். 2011ஆம் ஆண்டில் அவர்கள் தொகை 44.

அந்தமானியரைப் படம் பிடிக்கும் ஆசையும் பழையதே. அந்தமானியரைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்த போர்ட்மன் என்னும் ஆங்கில அதிகாரி 1890ஆம் ஆண்டுகளில் அவர்களை நிறுத்திவைத்து, உடலை அளந்து, பல நிழற்படங்கள் எடுத்து லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். படங்கள் பத்திரமாக இருக்கின்றன. படத்தில் இருந்தவர்களின் இனமோ நோயால் தேய்ந்துகொண்டே போயிற்று. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன், மார்க்கோ போலோ இத்தீவு மக்களுக்கு நாய் போன்ற தலை உண்டு என்று எழுதி வைத்தார். நேரில் பேசி அறியாதவன் எதையும் எழுதலாம், கேட்பவரும் நம்புவர். இன்று வாட்ஸ்அப் வழியாக வரும் 'நரமாமிசம் உண்ணும் அந்தமான் மனிதர்' என்னும் கதைகள் அதன் பேரப்பிள்ளைகளே. இரண்டு சொல் தட்டினால் இல்லாத உருவத்தையும் வரைந்து தரும் கணினிகள் வந்துவிட்ட இந்நாளில், அத்தகைய கதைக்கு ஏற்ற படத்துக்கும் பஞ்சமில்லை.

இவ்விடத்தில் மணிமேகலையில் வரும் சாதுவன் நினைவுக்கு வருகின்றான். மரக்கலம் உடைந்து நாகர் வாழும் கரையில் ஒதுங்கிய அவ்வணிகனைக் கொல்ல வந்தவர்கள், அவன் தங்கள் மொழியிலேயே பேசக் கேட்டு வியந்து, தங்கள் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். அங்கே உரையாடல் நடந்தது. அவன் சொன்னதற்குத் தலைவன் மறுத்துக் கேட்டான். இவன் விடை சொன்னான். மனிதர் மனிதரை அறியும் வழி அது. கைப்பேசியில் உருவத்தைப் பார்ப்பவனிடம் அந்த உருவம் எதிர்வினா எழுப்ப இயலாது. 'என்னை ஏன் பார்க்கின்றாய்? நான் இசைந்தேனா?' என்று கேட்க அதற்கு வாயில்லை. தம் படம் எங்கெங்கே செல்கின்றது, எவர் சிரிக்கின்றனர் என்பதை அறிந்து, அறிந்தபின் சரி என்று சொல்ல வாய்ப்பே இல்லாத ஒருவரின் படத்தைப் பரப்புவதற்கு எவ்வகையாலும் இசைவு பெற்றதாகக் கொள்ள முடியாது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அம்மக்களைப் பற்றி எவரும் அறியாமலே இருப்பது நன்றா? அவர்களை மறைத்து வைத்தால், அவர்களுக்கு நேரும் தீங்கும் மறைந்துவிடாதா? இது தள்ளத்தக்க மறுப்பன்று. 2012ஆம் ஆண்டு எழுந்த கண்டனமும் ஒரு காணொளி வெளியானதால் எழுந்ததே. ஆனால் அறிதல் வேறு. வேடிக்கை பார்த்தல் வேறு. அவர்கள் காட்டில் எத்தனை வகைத் தாவரங்களை இனங்கண்டு பயன்படுத்துகின்றனர், எப்பருவத்தில் எவ்வுணவைத் தேடுகின்றனர், அவர்கள் மொழி எத்தகையது என்பவற்றை அறிஞர் எழுதியுள்ளனர். அவற்றைப் படித்தால் மதிப்பு வளரும். ஓடும் வண்டியிலிருந்து எடுத்த அரைநிமிடக் காட்சியில் அறிவு ஏதும் இல்லை. அதை வெளியிடுவதால் தீங்கு நீங்குமா, பெருகுமா என்பதே நாம் கொள்ள வேண்டிய அளவுகோல்.

ஜாரவா மக்கள் காலத்தில் உறைந்து நிற்கும் பொம்மைகளும் அல்லர். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் முதன்முறையாக அவர்களுள் 19 பேர்க்கு வாக்காளர் அடையாள அட்டை வழங்கப்பட்டது. நாளை அவர்களே கைப்பேசியை எடுத்து, தம் கதையைத் தம் மொழியில் உலகுக்குச் சொல்ல விரும்பலாம், விரும்பாமலும் இருக்கலாம். அம்முடிவு அவர்களுடையது. அந்த நாள் வரும்போது, அவர்கள் இணையத்தைத் திறந்தவுடன் முதலில் காண்பது தம் தாயரைப் பார்த்து நாம் சிரித்த சிரிப்பாக இருத்தல் கூடாது.

நாமும் இங்கே வந்து குடியேறியவர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் இத்தீவுகளில் தமிழ் பேசுவோர் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர். பிழைப்புத் தேடி வந்தோர் பலர்; இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டோரும் உளர். புதிய ஊரில் பிறர் நம்மை வேடிக்கையாகப் பார்க்கும்போது உள்ளம் எவ்வாறு குன்றும் என்பதை நம் முன்னோர் அறிவர். நம் பேச்சையும், உடையையும், உணவையும் காட்டி நகைத்தோரை நாம் மறந்திலோம். அந்த நினைவு நம்மிடம் இரக்கமாக மாற வேண்டும்.

இதே அளவுகோலை நம் வீட்டுக்குள்ளும் வைத்துப் பார்க்கலாம். இசைவு தெரிவிக்க இயலாதவர் காட்டில் மட்டும் இல்லை. நம் தொட்டிலிலும் கட்டிலிலும் உள்ளனர். குளிக்கும் குழந்தையின் படத்தைப் பலர் காணும் தளத்தில் இடுகின்றோம். நினைவு தப்பிய முதியவர் மருத்துவமனையில் கிடப்பதைப் படம் எடுத்து உறவினர் குழுவுக்கு அனுப்புகின்றோம். விபத்தில் வீழ்ந்தவரின் உடலை அனுப்புவோரும் உளர். 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட எண்மமுறைத் தனியுரிமைத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவுகளைக் கையாளும் நிறுவனங்கள் பெற்றோரின் இசைவைப் பெற வேண்டும் என்று விதிக்கின்றது. நிறுவனங்களிடம் சட்டம் எதிர்பார்க்கும் எச்சரிக்கையில் ஒரு பகுதியேனும் பெற்றோராகிய நம்மிடம் இருத்தல் வேண்டாமா?

வதந்தியும் இவ்வகையினதே. நில நடுக்கம் ஒன்று உணரப்பட்டால் போதும். 'இன்றிரவு பேரலை வருகின்றது' என்னும் செய்தி குழுவுக்குக் குழு தாவுகின்றது. 2004ஐக் கண்ட தாய்மார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுவதற்கு அது போதும். ஐதராபாத்தில் 2007ஆம் ஆண்டு முதல் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்கி வருகின்றது. அதன் அறிவிப்பும் தீவு நிருவாகத்தின் அறிவிப்புமே நமக்குச் சான்று. வலிமையான நடுக்கத்தை நாமே உணர்ந்தால், எவர் சொல்லுக்கும் காத்திராமல் மேட்டுக்குச் செல்வது வேறு செய்தி. உறுதி செய்யாததைப் பிறர்க்குத் தள்ளிவிடுவது மட்டும் ஆகாது. 'நான் எழுதவில்லையே, வந்ததை அனுப்பினேன்' என்பதும், 'நான் எடுக்கவில்லையே, பார்த்தேன்' என்பதும் ஒரே சாக்கின் இரு வடிவங்கள்.

இனி, நம் குடும்பங்கள் செய்யத்தக்க சிலவற்றைக் கூறுவோம். ஊரிலிருந்து விருந்தினர் புறப்படும் முன்னரே, ஜாரவா மக்களைக் 'காட்டுவதற்கு' நாம் அழைத்துச் செல்வதில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். குகையையும், கடலையும், சேற்று எரிமலையையும் காட்டுவோம். மனிதரைக் காட்சிப்பொருளாக்க மாட்டோம். அச்சாலையில் செல்லும்போது கைப்பேசியைப் பைக்குள் வைக்கலாம். அவர்கள் எதிர்ப்பட்டால் எட்டிப் பார்த்துக் கூவாமல், வழியில் செல்லும் எவரையும் பார்ப்பது போல் பார்த்துவிட்டுப் போகலாம். பிற இடங்களில் படம் எடுக்கும்போதும், பல கைப்பேசிகள் படத்தோடு அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளையும் சேர்த்துப் பதிவு செய்கின்றன என்பதை அறிந்து, காட்டுப் பகுதிகளில் அவ்வசதியை நிறுத்தி வைக்கலாம். குழுவில் அத்தகைய காணொளி வந்தால், முழுவதும் பார்க்காமல் நீக்கிவிட்டு, அனுப்பியவரிடம் தனியாக, அன்போடு, காரணத்தைச் சொல்லலாம். எல்லார் முன்னும் கடிந்துகொண்டால் அவர் நாணுவார், திருந்தமாட்டார். தளங்களில் கண்டால், தகாதது என்று புகார் அளிக்கும் பொத்தான் ஒவ்வொன்றிலும் உண்டு. அதனை அழுத்தச் சில நொடிகளே ஆகும்.

மருமகன் ஊருக்குத் திரும்பிய பின், இக்காரணங்களை அவனுக்கு விரிவாக எழுதியனுப்பினோம். அவன் வாதாடாமல் இல்லை. "நான் ஒருவன் பார்க்காவிட்டால் அந்த எண் குறையவா போகிறது, மாமா?" என்று கேட்டான். குறையாது, கூடாமல் இருக்கும் என்றோம். சில நாள் கழித்து, அந்தக் காணொளியைப் பற்றித் தளத்துக்குப் புகார் அளித்திருப்பதாக அவனே எழுதினான். அது நீக்கப்பட்டதா என்று நாங்கள் தேடிப் பார்க்கவில்லை. தேடினால் பார்வையின் எண்ணிக்கை இன்னும் ஒன்று கூடும்.

கண்ணோட்டம் என்னும் நம் சொல்லைக் கவனிக்க வேண்டும். இக்காலத்தில் அதனைக் 'கருத்து நிலை' என்னும் பொருளில் வழங்குகின்றோம். வள்ளுவர் அதனை ஓர் அதிகாரத்தின் பெயராக வைத்தபோது, அதன் பொருள் இரக்கம். கண் ஒருவர்மீது சென்று பொருந்தினால், அங்கே இரக்கம் பிறக்க வேண்டும் என்பது தமிழர் கொள்கை. நம் தீவுகளுக்கு வடம் வந்து சில ஆண்டுகளே ஆகின்றன. அதன் வழியே எத்தகைய பார்வையை அனுப்புவது என்பதை நாம் இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கின்றோம். விடுமுறைக் காலம் வரும்போதெல்லாம் கப்பலிலும் விமானத்திலும் உறவினர் வந்து இறங்குவர். அவர்களுக்கு இளநீர் கொடுத்து வரவேற்கும் அன்றே, இச்செய்தியையும் சொல்லி வைப்போமாக.